பன்னிரண்டு வைரம் கேட்ட அம்மையாருக்கு

விடியலின் விலை தலைக்கு இருபது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்க்குப் பத்து. நம் பூங்கா வாயிலில், நுழைவுச்சீட்டுச் சாளரத்துக்கு மேலே, நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. சதுப்பு ஏரியின் அக்கரையில் வெளிச்சம் முளைப்பதையும், நாணற்காட்டைக் கலைத்துக்கொண்டு நாரைகள் எழுவதையும் இதுவரை எந்தக் கடையும் நிறுத்து விற்றதில்லை. தாங்கள் எழுப்பிய மரக்கோபுரத்தின் நூற்று முப்பத்தொன்றாம் படியில் அதற்கும் ஒரு விலை வந்துவிட்டது. விலையில்லாப் பொருளுக்கு ஒருவன் விலை சொன்னால் வாங்குகிறவன் சந்தேகப்பட வேண்டும் என்பது சந்தை நீதி. ஆனால் படவேண்டிய சந்தேகத்தையெல்லாம் தாங்களே முன்கூட்டிப் பட்டு முடித்துவிட்டீர்கள். ஏறுகிறவர்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஐயத்தை அகற்றியவர் அல்லர், ஐயத்தையே அளவுகோலாக்கிய அம்மையாரே! மரத்தின் மனமறிந்த மாண்பே! முப்பத்து மூன்று ஆண்டுகள் இப்பூங்காவின் பாலங்களும் படிகளும் பலகையிருக்கைகளும் தங்கள் பென்சில் முனையில் பிறந்தன. எதுவும் இதுவரை எவரையும் கீழே தள்ளவில்லை. இன்று மாலை ஐந்தரை மணிக்குப் பணிநிறைவு பெறும் தங்களுக்கு, எதிரே இரண்டாம் வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் எங்கள் வணக்கம். ஏன் குனிந்திருக்கிறோம் என்பதை இம்மடல் போகப் போகச் சொல்லும்.

இத்தகைய மடல்களில் வழக்கமாக "நம்பிக்கை நட்சத்திரமே" என்று ஒரு வரி வரும். போட்டிருந்தால் தாங்களே எழுந்து வந்து சிவப்பு மையால் அடித்துவிடுவீர்கள். ஆகவே உள்ளதைச் சொல்கிறோம்.

சந்தேகச் செம்மலே! கோபுரம் காகிதத்தில் இருந்த நாளிலேயே தாங்கள் தண்ணீரைச் சந்தேகித்தீர்கள். மேலிருந்து வந்தால் வழியும், பக்கத்திலிருந்து வந்தால் ஒட்டும், கீழிருந்து வந்தால் ஏறும் என்று கண்டு, பன்னிரண்டு தூண்களுக்கும் இரும்புச் செருப்பு மாட்டி, தரைக்கு ஒரு சாண் மேலே நிறுத்தினீர்கள். அந்தச் செருப்பையும் நம்பாமல் அதன் அடியில் நீர் வடிய ஓட்டை போட்டீர்கள். வெயிலைச் சந்தேகித்து ஒவ்வொரு தூணுக்கும் தகரத் தொப்பி வைத்தீர்கள். மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், ஆணி மட்டும் அடம்பிடிக்கும் என்று ஆணியை விலக்கிப் போல்ட்டை வைத்தீர்கள். கடைசியில் தங்கள் வரைபடத்தையே சந்தேகித்தீர்கள்: எந்தக் கட்டையும் என்றாவது கெடத்தான் செய்யும், கெட்ட ஒன்றை மற்றதைத் தொடாமல் கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று முழுக் கோபுரத்தையும் மறுபடி வரைந்தீர்கள். "இது எத்தனை வருஷம் நிக்கும்?" என்று மேலதிகாரிகள் கூட்டத்தில் கேட்டார்கள். "நூறு வருஷம்னு எழுதித் தரமாட்டேன் சார். எது முதல்ல கெடும்னு வேணா எழுதித் தரேன்" என்றீர்கள். அன்று அவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க அனுமதிச்சீட்டு போட்டிருந்தால் பூங்காவுக்கு நல்ல வசூல்.

மருந்தையும் தாங்கள் நம்பவில்லை. மரத்தை மருந்தில் முக்கி எடுத்தால் எந்தக் கட்டையும் இருபது வருடம் தாங்கும். ஆனால் மழை அந்த மருந்தைக் கழுவி ஏரியில் சேர்க்கும் என்றீர்கள். தவளைகள் தங்களை வாழ்த்தும். அவற்றுக்கு வாய் இருக்கிறது, மடல் எழுதத்தான் வராது. மருந்தில்லாமல் மரம் நிற்க வேண்டுமானால், நடுவே முதிர்ந்து, நிறம் கறுத்து, கறையானும் பல்லுடைந்து திரும்பும் அந்த உட்பகுதி மட்டுமே வேண்டும். சுற்றியிருக்கும் வெளிறிய பகுதி உதவாது. நம் கோப்புகளில் அந்த உட்பகுதிக்குப் பெயர் "முதிர்ந்த உட்கட்டை". மரக்கடையில் அதற்குப் பெயர் வேறு. அந்த இன்னொரு பெயர் எங்களுக்குத் தெரியாமல் போனதுதான் எங்கள் தலையில் விழுந்த இடி.

மரக்கடைக்காரரிடம் தாங்கள் நடத்திய போரை நாங்கள் நேரில் கண்டோம். முதல் லாரி வந்து நின்றதும், இரண்டு ஊசி கொண்ட ஈரமானியை எடுத்து ஒவ்வொரு கட்டையையும் குத்தினீர்கள். அவர் நெஞ்சில் குத்தியதைப் போலத் துடித்தார்.

"அம்மா, மூணு தலைமுறைக் கடைம்மா. என்னை நம்புங்க."

"உங்கள நம்பறேன். உங்க கட்டையத்தான் நம்பல."

"சான்றிதழ் இருக்கும்மா, சீல் வெச்சது."

"சீல் நல்லா காஞ்சிருக்கு. மரம் காயல. திருப்பி எடுத்துட்டுப் போங்க."

லாரி போயிற்று. திரும்பி வந்தது. மறுபடியும் போயிற்று. நான்காம் முறை அவர் தாமே ஓர் ஈரமானி வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு வியாபாரியைத் தன் சரக்கையே சந்தேகிக்க வைத்தவர் எங்களுக்குத் தெரிந்து தாங்கள் ஒருவரே.

இனி எங்கள் கதை. பாராட்டு மடலில் பாராட்டுகிறவர்கள் தங்கள் அழுக்கைத் துவைப்பது மரபில்லைதான். ஆனால் வேறு எங்கே துவைத்தாலும் இது போகாது.

சென்ற ஆண்டு ஒரு நாள் மதிய உணவு நேரம். வடிவமைப்புப் பிரிவுக்கும் எங்கள் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் இருப்பது ஒரு தடுப்புப் பலகைதான். தும்மினால்கூட அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். தாங்கள் தொலைபேசியில் பேசினீர்கள்:

"வைரம் இல்லாம என் முன்னாடி வராதீங்க. பன்னெண்டும் வைரமா இருக்கணும். பதினொண்ணு கொண்டு வந்துட்டு, ஒண்ணு அப்புறம் தரேன்னு இழுத்தீங்கன்னா, என் கையெழுத்தும் அப்புறம்தான்."

மேசையில் இருந்த எட்டுப் பேரும் கரண்டியைக் கீழே வைத்தோம்.

"கேட்டீங்களா? பன்னெண்டாம்!" என்றார் காசாளர்.

"ஒண்ணு ரெண்டுன்னா மனுஷ ஆசைன்னு விடலாம். பன்னெண்டுன்னா தொழிலு" என்றார் தட்டச்சர்.

"அதான் அஞ்சு வருஷமா ஒரே செருப்பு. இருக்கறவங்க எங்கே காட்டிக்குவாங்க?" என்றார் பண்டகக் காப்பாளர்.

சந்தேகம் என்பது கடன் கொடுத்தவன் மாதிரி. ஒரு முறை வாசலைக் கண்டுவிட்டால் நாள்தோறும் வரும். அடுத்த வாரம் தாங்கள் களத்துக்குப் போயிருந்தபோது மேசை இழுப்பறையை எட்டிப் பார்த்தோம். உள்ளே, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி. ஒரு குந்துமணியின் எடையையும் சொல்லும் நகைக்கடைத் தராசு. வரிசை எண் எழுதி மடித்த சின்னஞ்சிறு காகிதப் பொட்டலங்கள், பன்னிரண்டு. பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே வெட்கி முடித்திருப்போம். பிரிக்காமலேயே தெரியும் என்று நினைத்ததுதான் எங்கள் திறமை.

கண்ணாடி, கட்டையின் வெட்டுமுகத்தில் வளையங்களை எண்ண. அது கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் தங்கள் கணவருடைய பழைய கண்ணாடி. தராசு, மரச்சில்லைக் காயவைப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்து, போன ஈரம் எவ்வளவு என்று அறிய. பொட்டலம் ஒவ்வொன்றிலும் ஒரு தூணின் சில்லு. இதையெல்லாம் இன்று நெட்டுருவாக ஒப்பிக்கிறோம். அன்று நாங்கள் எழுதியது ஒரு மொட்டைக் கடிதம்: "ஒவ்வொரு கையெழுத்துக்கும் வைரம் கேட்கும் இவ்வதிகாரியைப் பற்றி, இவ்வலுவலகத்தின் நேர்மையுள்ள ஊழியர் ஒன்பது பேர் எழுதிக்கொள்வது." பெயரில்லை, கையெழுத்தில்லை, ஆனால் நேர்மை மட்டும் முதல் வரியிலேயே இருந்தது.

கடிதம் போன வேகத்தில் தங்கள் கையெழுத்து அதிகாரம் பறிபோயிற்று. நாற்பத்து மூன்று நாள். கோபுரம் அடித்தளத்தோடு நின்றது, மழை மட்டும் நிற்கவில்லை. அறுத்து வைத்த தூண்கள் வெட்டவெளியில் கிடந்தன. தாங்கள் நாள்தோறும் காலை எட்டுக்கு வந்து, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அடியில் காற்றுப் போகக் கட்டைத்துண்டு வைத்துவிட்டுப் போனீர்கள். "உங்களைத்தான் ஒதுங்கச் சொல்லியிருக்காங்களே மேடம்?" என்று எங்களில் ஒருவர், வாய் கூசாமல், கேட்டார். "கையெழுத்துப் போடத்தான் தடை. தார்ப்பாய் போட யாரும் தடை போடலையே" என்றீர்கள். கேட்டவர் அன்று மதியம் சாப்பிடவில்லை. மற்ற ஏழு பேரும் சாப்பிட்டோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறோம்.

நாற்பத்து மூன்றாம் நாள் விசாரணை அதிகாரி வந்தார். இன்று சிறப்பு விருந்தினராக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அதே ஐயாதான். முதலில் தங்கள் கணவரைத் தொலைபேசியில் அழைத்து, வீட்டில் வைரம் ஏதும் உண்டா என்று விசாரித்தார். ஒலிபெருக்கியில் பதில் அலுவலகம் முழுக்கக் கேட்டது:

"முப்பது வருஷமா ஒரு வைர மோதிரம் கேக்கறாங்க சார். அங்க கிடைச்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க, என் பாரம் குறையும்."

பிறகு இழுப்பறை திறந்தது. பொட்டலம் பிரிந்தது. மேசையில் ஒரு மரச்சில்லு விழுந்தது. அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வைரம் எங்கம்மா?"

"வெளிய கிடக்கு சார், தார்ப்பாய்க்கு அடியில. பன்னெண்டு. ஒவ்வொண்ணும் முக்கால் டன். எடுத்துட்டுப் போக லாரி கொண்டு வந்தீங்களா, கைப்பைதானா?"

மரத்தின் முதிர்ந்த நடுப்பகுதியை மரக்கடையிலும் தச்சுப்பட்டறையிலும் வைரம் என்பார்கள். மரத்தைக் கோப்பில் மட்டுமே பார்த்து வயிறு வளர்த்த எங்கள் எட்டுப் பேருக்கும் அது தெரியவில்லை. மறுநாள் அறிவிப்புப் பலகையில் தங்கள் கையெழுத்தில் மூன்று வரி இருந்தது: "வைரம்: மரத்தின் உட்பகுதி. வைரம்: ஒரு கல். வைரம்: தீராப் பகை. எந்த வைரம் என்று கேட்டுவிட்டு எழுதவும்." அதைப் படிக்காததைப் போல எட்டுப் பேரும் தனித்தனியே எட்டு முறை கடந்து போனோம்.

அதிகாரம் திரும்பியது. ஆனால் விசாரணை முடியவில்லை. ஐயா அன்றே எங்கள் எல்லோர் எதிரிலும் சொன்னார்: "புகார் பொய்னு எனக்குத் தெரியுது. ஆனா ஒன்பது பேர் புகார். அந்த ஒன்பது பேரும் வந்து தப்புன்னு கையெழுத்துப் போட்டாதான் மூடுவேன். இல்லன்னா கோப்பு திறந்தே கிடக்கும்." எழுதியவர் பெயரே இல்லாத கடிதத்தை யார் திரும்பப் பெறுவது? பதினொரு மாதம் கிடந்தது. அதன் பலனைத் தாங்கள் இன்று காலை கையில் வாங்கினீர்கள்: பணிநிறைவு ஆணையின் மூன்றாம் வரியில், "விசாரணை நிலுவையில் உள்ளது". கோபுரத்தின் அடியில் பதித்த பித்தளைத் தகட்டிலும் அதே கதை. மரம் தந்தவர் பெயர் இருக்கிறது, திறந்து வைத்தவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது; "வடிவமைப்பு" என்ற சொல்லுக்கு எதிரே வழவழவென்று வெறும் பித்தளை. விசாரணையில் இருப்பவர் பெயரைப் பொறிக்க விதியில்லையாம். இன்று ஐந்தரைக்குள் கோப்பு மூடாவிட்டால், பணியில் இல்லாதவரின் கோப்பு பழைய பதிவறைக்குப் போய்விடும். அங்கே போனது எதுவும் திரும்பி வந்ததாக வரலாறில்லை.

நாங்கள் ஏன் பதினொரு மாதம் வாயைத் திறக்கவில்லை? வெட்கம் ஒரு பாதி. மறுபாதி அந்த ஒன்பதாம் ஆள். மேசையில் இருந்தது எட்டுப் பேர். "இன்னொருத்தரும் நம்ம பக்கம்தான், பேர் சொல்ல வேண்டாம்னாரு" என்று கடிதம் எழுதிய அன்று பண்டகக் காப்பாளர் சொல்லியிருந்தார். நாங்கள் எட்டுப் பேரும் போய் மாட்டிக்கொள்ள, அவர் மட்டும் நல்ல பிள்ளையாய் நடமாடுவாரோ என்று பயந்தோம். தோட்டப் பிரிவில் எவராவது சிரித்தால், இவர்தானோ? வாயிற்காவலர் சீக்கிரம் வீட்டுக்குப் போனால், அவரோ? அவர் முதலில் வரட்டும், பிறகு நாம் வருவோம் என்று காத்திருந்தோம்.

தங்களுக்கு எல்லாம் தெரியும் என்று எங்களுக்கு முதலிலிருந்தே ஒரு சந்தேகம். கோபுரம் முடிந்து, பாரம் தாங்குகிறதா என்று பார்த்த நாளில் அது உறுதியாயிற்று. அலுவலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, தாங்கள் தேர்ந்தெடுத்து மேலே அனுப்பியது சரியாக எங்கள் எட்டுப் பேரை. தரையிலிருந்து இருபத்து நான்கு மீட்டர் உயரம். கீழே தாங்கள், அசைவை அளக்கும் கருவியோடு. கையில் ஒலிபெருக்கி.

"எல்லாரும் வடக்கு மூலைக்கு ஓடுங்க! நில்லுங்க! குதிங்க!"

"நம்மள ஒரேயடியா முடிச்சுடப் போறாங்க" என்று முணுமுணுத்தார் காசாளர். தட்டச்சர் கண்ணை மூடிக்கொண்டு குதித்தார். கோபுரம் ஒரு பெருமூச்சு விட்டதைப் போல அசைந்து நின்றது. கீழிருந்து தங்கள் குரல் வந்தது: "எட்டுதானே இருக்கீங்க? ஒன்பதுன்னு கேள்விப்பட்டேனே!"

ஆனால் அடுத்து நடந்ததுதான் எங்களைக் கொன்றது. கருவியைக் கீழே ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, நூற்று முப்பத்தொரு படியும் ஏறி வந்து, மூச்சு வாங்க, அதே வடக்கு மூலையில் எங்கள் நடுவில் நின்றீர்கள். "இப்ப குதிங்க. நானும் குதிக்கறேன்." நாங்கள் குதித்தோம். தங்களை வீழ்த்தப் பார்த்த எட்டுப் பேரையும் தாங்கின அந்தப் பன்னிரண்டு வைரங்கள்.

சென்ற வாரம் இந்த மடலுக்கு வாசகம் தயாரித்தோம். "அப்பழுக்கற்றவரே" என்ற சொல் வந்ததும் தட்டச்சர் கையை எடுத்துவிட்டார்.

"இத நான் எப்படிங்க அடிக்கறது? அந்த மொட்டைக் கடுதாசியையும் நான்தானே அடிச்சேன்? ஒரே விரலுங்க!"

காசாளர்தான் கேட்டார்: "சரி, போய்ச் சொல்லிடலாம். அந்த ஒன்பதாவது ஆளையும் கூப்பிடுங்க. யாரு அது?"

பண்டகக் காப்பாளர் மேசைத் துணியின் ஓரத்தைச் சுருட்டினார். "யாரும் இல்ல. எட்டுன்னா எடை கொஞ்சம் கம்மியா தெரிஞ்சுது. அதான் ஒண்ணு கூட்டிப் போட்டேன்."

தராசில் கட்டைவிரலை வைப்பவனைப் பார்த்திருக்கிறோம். புகாரில் கட்டைவிரலை வைத்தவரை அன்றுதான் பார்த்தோம். இல்லாத ஓர் ஆளுக்குப் பயந்து, இருக்கும் ஒருவரைப் பதினொரு மாதம் நிலுவையில் வைத்திருந்தோம்.

ஆகவே, அப்பழுக்கற்ற அம்மையாரே! பொய்யை அடித்த அதே விரலால் அந்தச் சொல்லை இம்முறை கண்ணைத் திறந்துகொண்டே அடித்திருக்கிறோம். தாங்கள் எதையும் கேட்கவில்லை, எவரிடமும் வாங்கவில்லை. புகார் பொய். எழுதியவர்கள் நாங்கள். மன்னிப்பை இங்கே கேட்கவில்லை, கேட்டால் "எதை வெச்சு?" என்பீர்கள்.

தாங்கள் நெடுநாள் நலமாக வாழ வேண்டும். தங்கள் முழங்காலையும் தாங்கள் சந்தேகித்து, படிகளில் கைப்பிடியைப் பற்றி நடப்பீர்களாக. "எல்லாம் நல்லா இருக்கு" என்று மருத்துவர் சொன்னால், அறிக்கையை வாங்கி இரண்டு முறை படிப்பீர்களாக. வீட்டுக் கதவு, ஜன்னல், அடுத்த தெருப் பாலம், பேரப்பிள்ளையின் ஊஞ்சல் என்று ஒன்றையும் விடாமல் தட்டிப் பார்த்து, தட்டியதெல்லாம் கெட்டியாக ஒலிக்கக் கேட்டு, இன்னும் முப்பத்து மூன்று ஆண்டுகள் எவரையும் எளிதில் நம்பாமல் இன்புற்றிருப்பீர்களாக.

முன்வரிசையில், வலமிருந்து மூன்றாம் நாற்காலியில் அமர்ந்திருக்கும் விசாரணை அதிகாரி ஐயா அவர்களே! ஒன்பது கையெழுத்து கேட்டீர்கள். ஒன்பதாமவர் பிறக்கவே இல்லை என்று எட்டுப் பேரும் இதனால் எழுதிக் கொடுக்கிறோம். அவருக்குரிய இடத்தில் ஒரு கோடு போட்டு விட்டிருக்கிறோம். கோட்டின் கீழே "விசாரணை முடிந்தது" என்று அச்சிட்டிருக்கிறது. இந்த மடலுக்கு மரச்சட்டம் போடுகிறவர் கண்ணாடியோடு வாசலில் நிற்கிறார். தகட்டில் எழுத்துப் பொறிக்கிறவரையும் வரச் சொல்லியிருக்கிறோம். மணி நாலரை. பேனா தங்கள் சட்டைப்பையில் இருப்பது இங்கிருந்தே தெரிகிறது.

இப்படிக்கு,
பூங்கா அலுவலகத்தின் சாப்பாட்டு மேசையினர்

புகாரில் எழுதிய தலைகள்: ஒன்பது.
கழிவு, இல்லாத தலை: ஒன்று.
இருந்த தலைகள்: எட்டு.
கீழே இட்ட கையெழுத்துகள்: எட்டு.
கோட்டின் மேல் வரவேண்டியது: ஒன்று. பாக்கி.